மாட்டை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா?

கேள்வி: இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடும்பமாக எங்கேயும் போனதில்லை. நாலு நாள் ஊட்டிக்குப் போக ஆசை. போகலாமா? (வாசகி, தாராபுரம்)

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் தேதியை மாட்டைக் கேட்டுக் குறியுங்கள். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்ற விடுவீர்கள் இல்லையா? வற்றி, மடி சுருங்கிய பிறகு வரும் சில வாரங்கள்தான் சரியான சமயம். தீனியும் தண்ணீரும் வைக்க ஆள் இருந்தால் போதும். ஈனும் மாதத்தில் மட்டும் நகராதீர்கள்.

கேள்வி: இன்னொரு மாடு பால் கொடுக்கிறதே? பக்கத்து வீட்டு அக்கா கறந்து தருகிறேன் என்கிறார். வேற்றாள் கை பட்டால் அது பாலை அடக்கிக்கொள்ளும்.

பதில்: மிரண்ட மாட்டுக்குப் பால் இறங்காது. மடியிலேயே தங்கினால் மடிநோய் வரும். அதனால் அக்காவை ஒரு வாரம் முன்பே வரச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் கறங்கள். அவர் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு அவர் கறக்கட்டும், நீங்கள் நில்லுங்கள். கடைசி இரண்டு நாள் கறக்கும் நேரத்தில் தொழுவத்துப் பக்கமே போகாதீர்கள். நேரம், வாளி, கன்றை அவிழ்த்துவிடும் முறை எதுவும் மாறக்கூடாது. முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திரிதிரியாக வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அவர் கூலி வாங்க மாட்டார். என்ன செய்வது?

பதில்: அந்த நாலு நாள் பாலும் அவருடையது என்று போகும் முன்பே சொல்லிவிடுங்கள். சொசைட்டியில் ஊற்றினால் பணம் அவர் கைக்குப் போகட்டும். விடியும் முன் எழுந்து சாணி அள்ளுகிறவருக்கு ஒரு வர்க்கி பாக்கெட்டோடு முடிப்பது நியாயமே இல்லை.

கேள்வி: தொட்டி நிறையத் தண்ணீரும் இரண்டு நாளைக்கு வைக்கோலும் போட்டுவிட்டுப் போனால் தாங்காதா?

பதில்: தாங்காது. வெயில் காலத்தில் கறவை மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கயிறு காலில் சுற்றிக்கொண்டால் எடுத்துவிட ஆள் வேண்டாமா?

கேள்வி: பார்த்துக்கொள்கிறவரிடம் முக்கியமாக எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: சோறு வைக்காதீர்கள் என்று. இதைச் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லுங்கள். விருந்தாளி போல வந்தவர்கள் பாசத்தில் மீந்த சோற்றையும் பொங்கலையும் அப்படியே கொட்டுவார்கள். பழக்கமில்லாத மாடு வயிறு முட்டத் தின்றால் உள்ளே அமிலம் பெருகும், அசை நின்றுவிடும், இடப்பக்கம் மேளம் போல உப்பும். சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஏதாவது கால்நடை மருந்தகத்து வாசலில் நின்று பாருங்கள். இன்னொன்று, பூக்காத சோளத்தட்டு. தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு. அந்தக் காட்டில் வாய் வைக்கவே விடக்கூடாது. தொழுவத்துச் சுவரில் 1962 என்று பெரிதாக எழுதிவையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் அது, கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆடுகளை மச்சான் பட்டியில் விட்டுவிட்டுப் போகலாமா? (வாசகர், மணப்பாறை)

பதில்: வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய் ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு மூச்சுக்காற்றிலேயே ஒட்டும். ஆடு தன் பட்டியிலேயே இருக்கட்டும், மச்சானை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கோழிக்கு?

பதில்: பொழுது சாய்ந்ததும் கூண்டை மூட ஒரு கை. காட்டுப்பூனைக்கு ஒரு ராத்திரி போதும்.

கேள்வி: எல்லா ஏற்பாடும் ஆயிற்று. அப்பாதான் வர மறுக்கிறார். மாட்டை விட்டு ஒரு நாளும் இருந்ததில்லை அவர். (வாசகர், ஈரோடு)

பதில்: யாரை விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் பிடித்த ஆளை அவர் நம்ப மாட்டார், நம்பவும் தேவையில்லை. வேலையை அவரே சொல்லிக்கொடுக்கட்டும். போன இடத்திலிருந்து காலையில் ஒரு தடவை வீடியோ காலில் மாட்டைக் காட்டச் சொல்லுங்கள். தின்றதா, அசை போடுகிறதா, சாணி இளகியிருக்கிறதா என்று அவர் கேட்பார். கேட்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். முதல் தடவை பழனிக்குப் போய் ஒரே ராத்திரி தங்கித் திரும்புங்கள். நீண்ட பயணத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.