டயல் அண்ணாச்சி

நாகர்கோவிலில் தெருவுக்கு ஒரு வில்லங்கக்காரர் உண்டு. எங்கள் தெருவுக்கு டயல் அண்ணாச்சி. டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். முன்னறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பெங்களூர் ஐ.டி.ஐ. கம்பெனியின் கறுப்பு போன். சுற்றுகிற டயல். தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். மதினிக்கு அந்த எண்ணெய் சமையலுக்குப் போதாமல் போவது தனி வழக்கு.

செம்புக் கம்பி போய் வீட்டுக்குள் ஃபைபர் வந்த அன்றுதான் வினை தொடங்கியது. மோடத்தின் பின்பக்கம் போனுக்கு ஒரு ஓட்டை இருந்தது. செருகினார். 'கொர்ர்' என்று டோன் வந்தது. அண்ணாச்சி முகத்தில் தேர்த்திருவிழா. சுற்றினார். டோன் நிற்கவில்லை. எத்தனை சுற்றினாலும் அதே கொர்ர்.

"டயலுங்கது வேற ஒண்ணும் இல்ல மக்கா. லைனை விட்டு விட்டு அறுக்கது. அஞ்சு சுத்தினா அஞ்சு அறுப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. செகண்டுக்குப் பத்து அறுப்பு. எக்சேஞ்சு அதை எண்ணும். இந்த டப்பாவுக்கு பட்டன் சத்தம் மட்டும்தான் வெளங்கும்."

இந்த இடத்தில் ஸ்ட்ரோஜர் வருவார். பிணம் அடக்கும் தொழில் செய்துகொண்டே, ஆபரேட்டர் இல்லாத எக்சேஞ்சுக்கு 1891இல் பேட்டன்ட் வாங்கிய அமெரிக்கர். அண்ணாச்சி வீட்டில் காப்பி குடித்தவர் எவரும் ஸ்ட்ரோஜர் இல்லாமல் வெளியேறியதில்லை.

புகார் சொல்ல மதினியின் செல்போனை வாங்கினார். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது பதிவுக் குரல். "அழுத்த முடியாதுன்னுதானே கூப்பிடுகேன்!" என்று அதனிடம் கத்தினார். புகாரைப் பார்க்க வந்த பையன் பட்டன் போன் வாங்கச் சொன்னான். "எடே, உனக்க டப்பாவுக்கு எண்ணத் தெரியல்ல. அதுக்கு நான் போனை மாத்தணுமா?"

பேரன் ஒரு சின்னப் பெட்டி வாங்கி அனுப்பினான். சுற்றலை எண்ணிப் பட்டன் சத்தமாக மாற்றுகிற துபாஷி. வேலை செய்தது. ஆனால் கரண்டு போனால் மோடம் செத்தது. முன்பெல்லாம் 48 வோல்ட்டு எக்சேஞ்சு பேட்டரியிலிருந்தே வரும். வீடு இருண்டாலும் போன் பேசும். 2017 ஒக்கிப் புயலில் மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நினைத்து, போனுக்கென்று இன்வர்ட்டர் வாங்கினார். மின்விசிறிக்கு அதில் இடமில்லை. ஆக, ஒரு மணி அடிக்க ஃபைபர், மோடம், துபாஷி, இன்வர்ட்டர்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் பூஜ்யம் போடணும் என்று வந்தது. நமக்கு அலுப்பு. அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம், டயலில் ஆக நீளமான சுற்று பூஜ்யம்தானே. பதினொரு எண்ணையும் சுற்றி முடிப்பதற்குள் நான் ஒரு ரசவடையை முடித்துவிடுவேன். எதிர்முனை எடுத்ததும் "லைன் தெளிவா இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால் வைத்துவிடுவார். அதற்குமேல் அவருக்குப் பேச விஷயம் கிடையாது.

இத்தனைக்கும் டயலில் பூட்டு. அந்தக் காலத்தில் பில்லுக்குப் பயந்து ஒன்றாம் ஓட்டையில் மாட்டிய குட்டிப் பூட்டு. இப்போது எத்தனை பேசினாலும் ஒரே மாதக் கட்டணம். சாவி மட்டும் இன்னும் அரைஞாணில்.

நேற்று அண்ணாச்சி வடசேரிச் சந்தைக்குப் போயிருந்தார். மதினி ரிசீவரை எடுத்தாள். பூட்டைப் பார்க்கவேயில்லை. போன் கொக்கியை விரலால் தட்டினாள். டக்டக்டக்டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக்டக். ஆறு எண். தங்கச்சி எடுத்துவிட்டாள்.

நான் வாய் பிளந்தேன்.

"அவிய பூட்டுப் போட்ட அண்ணைக்கே படிச்சது" என்றாள். "அவியட்ட சொல்லிராதீரும்."