மச்சான் பிடித்த கயிறு

புதுச்சேரியில் ஒரு டைவிங் கடை. கொடியில் ரப்பர் உடுப்புகள் தண்ணீர் சொட்டத் தொங்குகின்றன. உள்ளே சிலிண்டர், ரெகுலேட்டர், கண்ணாடி முகமூடி, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் கரையிலேயே மூச்சு முட்டும். "எல்லாம் விஞ்ஞானம் சார்" என்றார் பயிற்சியாளர். நான் வரலாறு கொஞ்சம் படித்தவன், நம்பவில்லை. மனிதனைக் கடலுக்குள் தள்ளியதும் சொந்தக்காரர்கள்தான், வெளியே இழுத்ததும் சொந்தக்காரர்கள்தான். விஞ்ஞானம் நடுவில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

நம்ம மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துக்குளிப்பவரிடம் இருந்த உபகரணம் மூன்று: ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. கல்லில் காலை வைத்துச் சரசரவென்று இறங்கி, ஒரு நிமிடம் போல் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் மேலே படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். அவர் அந்த நேரம் பார்த்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கடற்கரை ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. கூடப் பிறந்தவனை நிறுத்தினால் பாகப்பிரிவினை ஞாபகம் வரும். மச்சானுக்கு அந்தச் சபலம் கிடையாது. கயிற்றை விட்டால் தங்கை பிள்ளைகளோடு வந்து உட்காரப்போவது இவன் வீட்டுத் திண்ணையில். இதைவிட உறுதியான பாதுகாப்பு விதியை எந்தப் பயிற்சி நிறுவனமும் இன்றுவரை எழுதவில்லை.

சுறாவுக்குத் தனி ஏற்பாடு. கடல்கட்டி என்று ஒருவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அவருக்குச் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு என்று மார்க்கோ போலோ கணக்கு எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு தகவலும் தருகிறார்: பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளட்டும் என்று. பகலில் காப்பீடு, இரவில் காவல். பின்னால் வந்த வெள்ளைக்காரன் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்தான். ஆனால் கடல்கட்டி இல்லாமல் ஒருத்தரும் கடலில் இறங்கவில்லை என்றதும் அரசாங்கச் செலவிலேயே அவருக்குக் கூலி கொடுத்தான்.

சொந்தங்கள் கடலுக்குள் தள்ளிய கதைக்கு இங்கிலாந்து போக வேண்டும். அங்கே டெவன் பக்கம் ஜான் லெத்பிரிட்ஜ் என்று ஒரு கம்பளி வியாபாரி. 1715இல் கை நொடித்துப்போனார். வீட்டில் பிள்ளைகள் 17. இந்த நிலையில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அவர் ஒரு பீப்பாய்க்குள் போய் மூடிக்கொண்டார். அரை மணி நேரம் உள்ளேயே இருந்து, காற்று போதும் என்று கண்டுபிடித்தார். 17 பிள்ளைகளின் தகப்பனுக்கு அந்த அரை மணி நேரம் ஆராய்ச்சியா ஓய்வா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிறகு ஓக் மரத்தில் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பீப்பாய் செய்து, பார்க்க ஒரு கண்ணாடி, கையை வெளியே நீட்ட இரண்டு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் தோல் என்று முடித்தார். அதில் குப்புறப் படுத்து 60 அடி ஆழத்தில் மூழ்கிய கப்பல்களின் வெள்ளியைத் தடவி எடுத்துக் குடும்பத்தைக் கரையேற்றினார்.

அடுத்தது ராயல் ஜார்ஜ். 1782இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய போர்க்கப்பல். அதை அகற்ற 1839இல் கர்னல் பேஸ்லி பட்டாளத்து ஆட்களை இறக்கினார். அகஸ்டஸ் சீபே செய்த செம்புத் தலைக்கவசம், மேலிருந்து பம்பில் அடித்து அனுப்பும் காற்று. ஜோடி ஜோடியாக இறங்கும் வழக்கம் முதலில் பதிவானது இங்கேதான் என்பார்கள். அந்த ஜோடிப் பொருத்தம் எப்படி இருந்தது என்றும் பதிவு இருக்கிறது. 1842இல் கார்ப்பரல் ஜோன்ஸ், சிப்பாய் கிர்வன் என்ற இருவரும் கடலடியில் ஒரே மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு, உனக்கு. பேசித் தீர்க்கலாம் என்றால் தலையில் செம்புக் குடம். கிர்வன் ஆள் மல்லன். ஜோன்ஸ் கயிற்றைப் பிடித்து மேலே நழுவப் பார்க்க, இவர் காலைப் பிடித்து இழுக்க, அவர் உதைத்த உதையில் கிர்வனின் கவசக் கண்ணாடி உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அவசரமாக மேலே தூக்கியதால் பிழைத்தார். இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதன்பின் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் வேலை பார்த்தார்களாம். சம்பந்தி வீடுகளிலும் இப்படித்தான். ஒரு பெரிய சண்டை வராமல் பாசம் வருவதில்லை.

ஆழம் கூடக்கூட வேறொரு வியாதி தெரிந்தது. மேலே வந்தபின் மூட்டு மூட்டாக வலி, சிலருக்குக் கை கால் விழுந்துவிடும், சிலர் செத்தும் போனார்கள். கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் பொங்குமே, அதேதான்: அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழியாகிவிடும். எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று பார்க்க ஜே.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி லண்டனில் ஆடுகளைக் காற்றழுத்த அறைக்குள் விட்டார். வெளியே வந்த ஆடு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் கணக்கு தப்பு. ஆடுகள் காலைத் தூக்கித் தூக்கி எழுதிய அட்டவணை 1908இல் வெளியானது. இன்று எல்லாருடைய மணிக்கட்டிலும் மின்னுகிற டைவ் கம்ப்யூட்டரின் பாட்டனார் அந்த ஆடுதான்.

ஹால்டேனுக்கு ஆடு மட்டும் போதவில்லை போலிருக்கிறது, 1906இல் ஸ்காட்லாந்து கடலில் 13 வயது மகனையும் இறக்கினார். உடுப்பு பெரியவர்கள் அளவு. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஏறிப் பையன் கழுத்துவரை நனைந்து திரும்பி வந்தான். வேறு பிள்ளையாக இருந்தால் அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருப்பான். இவனோ வளர்ந்து தன்னைத்தானே அழுத்த அறையில் அடைத்துக்கொண்டு, வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்க, செவிப்பறை கிழிய ஆராய்ச்சி செய்தான். ஓட்டைக் காது வழியாகப் புகை விடுவது சபையில் நல்ல வித்தை என்று பெருமைப்பட்டுக்கொண்ட அந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் கடைசியில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

இதுவரை எல்லாம் கயிறும் குழாயும். அவற்றை அறுத்துவிட்டவர்களில் பேர்போனவர் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் நல்ல இடத்தில் பெண் எடுத்தது. மாமனாருக்கு ஏர் லிக்கீட் என்ற வாயு நிறுவனத்தில் பெரிய பதவி. அதே நிறுவனத்தில் எமில் கான்யான் என்ற பொறியாளர். போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் பெட்ரோலை வாரிக்கொண்டு போனதால் கார்களை வாயுவில் ஓட்டுவதற்கு ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கார் உறிஞ்சினால் மனுஷன் உறிஞ்ச மாட்டானா? 1943இல் மார்ன் ஆற்றில் முதல் சோதனை. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் உறிஞ்சவே முடியவில்லை. மூச்சு வெளியேறும் வழியை உள்ளே வரும் வழிக்குச் சமமான மட்டத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. நம் வாயில் திணிக்கிற ரெகுலேட்டருக்கு ஆதிமூலம் கார் வால்வும் மாமனார் சிபாரிசும்.

கடை நடத்தியதும் குடும்பம்தான். கலிஃபோர்னியாவில் ரெடோண்டோ பீச்சில் 1953இல் டைவ் என் சர்ஃப் கடையில் சேர்ந்த மைஸ்ட்ரெல் சகோதரர்கள் இரட்டையர்கள். குளிர் தாங்க பிரிட்ஜில் காப்புக்கு வைக்கும் நியோப்ரீனை உடுப்பாகத் தைத்தோம் என்பது அவர்கள் சொன்ன கதை. அப்போது காசு இருந்தால் போதும், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகலாம். போனவர்களில் சிலர் திரும்பவில்லை என்றதும்தான் சான்றிதழ் வந்தது. 1966இல் பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பைத் தொடங்கிய இருவரும் ஒரு விஸ்கி பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டார்களாம். குடித்துவிட்டு இறங்காதே என்பது அவர்கள் பாடத்தில் இருக்கிறது.

புதுச்சேரியில் எனக்கு ஜோடியாக வந்தது மச்சான், என் மனைவியின் தம்பி. படகில் உட்கார்ந்து நான் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினேன். காற்று தாராளமாக வந்தது. அவன் என் வாயைப் பார்க்கவில்லை, அழுத்தமானியைப் பார்த்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் படுத்துப் படுத்து எழுந்தது. குழாயில் இருந்த காற்றை, சிலிண்டர் நிரப்புவதைவிட வேகமாக நான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வால்வு முக்கால்வாசி மூடியே கிடந்தது. பின்னால் கைவிட்டு முழுக்கத் திறந்தான்.

"ஏன் மாமா, மேலே தண்ணீர் டேங்க் வால்வைத்தான் திறக்க மாட்டீங்க, இதையுமா? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவகிட்ட எதுவும் சொல்லாதே, மச்சான்."

"அப்ப கரைக்கு வந்ததும் பிரியாணி உங்க கணக்கு" என்று சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டான்.