சிஸ்டத்துல இருக்குதுங்க

காணாமல் போன என் 160 பெட்ஷீட் செட்டுகள் கிடைத்துவிட்டதாக, நான் சரக்கு விற்கிற ஆன்லைன் தளத்திலிருந்து இன்று காலை மின்னஞ்சல் வந்திருக்கிறது. தீபாவளி முடிந்து, பட்டாசுக் குப்பையை மாநகராட்சியே அள்ளி முடித்து, கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்கிறவர்கள் தள்ளுவண்டியோடு தெருவுக்குள் வந்துவிட்ட பிறகு. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். நான் பொறுமையாக இருந்ததாக யார் சொன்னது? அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: மேற்படி சரக்கு நெடுநாள் விற்காமல் குடோனில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் கூடுதல் வாடகை பிடித்தம் செய்யப்படும். தொலைத்தது அவர்கள். தொலைந்து கிடந்த இடத்துக்கு வாடகை கட்டுவது நான்.

சரி, கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை, என்னைப் போல ஆன்லைனில் சரக்கு விற்கிறவர்களுக்கு அடுத்த தீபாவளிக்காவது உதவும்படி மூன்று யோசனைகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றுமே நல்ல யோசனைகள். காசு செலவில்லாதவை. சொல்கிறேன்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எங்கள் செட் என்பது டபுள் காட் பெட்ஷீட் ஒன்று, தலையணை உறை இரண்டு. கவருக்குள் இருக்கும் அட்டையில் ‘மூன்று பீஸ் செட்’ என்று அச்சடித்திருப்போம். பெட்ஷீட் விற்கிற எல்லோரும் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து 240 செட் அனுப்பினோம். ஓசூர்ப் பக்கத்துக் குடோனில் சரக்கை இறக்கிய கணக்குப் புலி ஒருவர் அட்டையைப் படித்திருக்கிறார். படிக்காமலே இருந்திருக்கலாம். மூன்று பீஸ் சேர்ந்தால் ஒரு செட். ஆகவே 240 கவரை மூன்றால் வகுத்தால் 80. வகுத்தலில் பிழையே கிடையாது. மீதி 160 கவர்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விட்டன. சேல் தொடங்கிய அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் 80ம் தீர்ந்து, ‘கையிருப்பு இல்லை’ என்று சிவப்பு எழுத்து விழுந்தது.

உடனே அவர்களுக்குப் போன் போட்டேன். எடுத்தது தங்கமான பையன். குரலில் அவ்வளவு மரியாதை.

“சார், சிஸ்டத்துல 80 தான் சார் காட்டுது.”

“தம்பி, 240 அனுப்பினதுக்கு பில் இருக்கு, லாரி ரசீது இருக்கு, ஏத்தும்போது எடுத்த போட்டோ இருக்குது. குடோனுக்குள்ள ஒரு எட்டுப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.”

“பார்க்கலாம் சார். ஆனா பார்க்கணும்னா சிஸ்டத்துல 80க்கு மேல காட்டணும். அப்பதான் மிச்சத்தைக் காணோம்னு கேஸ் எடுக்கும்.”

நான் போனைக் கொஞ்ச நேரம் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன்.

இந்தச் சிஸ்டம் நம் ஊருக்கு வந்த புதிதில் மேஜைமேல்தான் இருந்தது. தூசி படாமல் துணி போட்டு மூடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். அதோடு சரி, மற்றபடி நாம் சொன்னதைத்தான் அது கேட்டது. எப்போது மேஜையை விட்டு எழுந்து மேலே போனதோ தெரியாது. இப்போது யாரைக் கேட்டாலும் கையை உயர்த்தி, “மேலேர்ந்து வரலீங்க” என்கிறார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டை கண்ணெதிரே இருக்கிறது, அதன்மேல்தான் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார், “சர்க்கரை இன்னும் சிஸ்டத்துல ஏறலீங்க.” கல்யாண மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கிறது, வாட்ச்மேன் உள்ளே துணி காயப்போட்டிருக்கிறார், “அன்னைக்கு புக் ஆயிருக்குதுன்னு சிஸ்டம் சொல்லுதுங்க.” யார் புக் செய்தார்கள்? அது சிஸ்டத்தில் இல்லை.

என் மச்சான் ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். ரிப்போர்ட்டில் வயது 4 என்று இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு போய்க் கேட்டால், கவுன்டரில் இருந்த பெண் அவனையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள், திரையை நம்பினாள். “சிஸ்டத்துல அப்படித்தாங்கண்ணா இருக்குது.” நாலு வயதுப் பையனை அண்ணா என்று கூப்பிடுகிறோமே என்ற கூச்சம்கூட அவளுக்கு இல்லை. என் மாமனார் வருஷா வருஷம் நவம்பரில், தான் உயிரோடு இருப்பதைப் பென்ஷனுக்காக நிரூபிக்கப் போவார். விரல்ரேகையை மிஷின் எடுக்காது. நாற்பது வருஷம் தறியில் நூல் இழுத்த விரல், ரேகைக்கு எங்கே போகும்? “நீங்க இருக்கறதை சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுங்க ஐயா, டீ சாப்பிட்டுட்டு வாங்க.” அவரும் போய் டீ சாப்பிடுவார். இல்லாத ஆளுக்கு டீக்கடைக்காரர் சில்லறை பாக்கி வேறு வைப்பார்.

இதில் சிஸ்டத்துக்கு மனிதக் குணங்கள் வேறு உண்டு. தூங்கும், திணறும், சுத்தும், ஒத்துக்காது, துப்பும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடம்புக்கு முடியாமல் போகும். கொங்குப் பக்கத்தில் கல்யாணம், காட்டு விவகாரம் என்றால் கோயிலில் பூ கேட்போம். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் விஷயம் தீர்ந்தது. சிஸ்டத்தைக் கேட்பதும் அந்தப் பூவைக் கேட்பதுபோலத்தான் ஆகிவிட்டது; என்ன, சாமி ஒரு பதிலாவது சொல்லும், ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று பன்னிரண்டு இலக்க எண் கொடுத்து அனுப்பாது. பலியும் மாறிவிட்டது. சாமிக்குக் கிடா; சிஸ்டத்துக்கு ஓடிபி. கிடாவாவது வெட்டுகிற வரைக்கும் நிற்கும், ஓடிபி அதற்குள் காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பச் சொன்னால் முதலில் கேட்டதும் அடுத்துக் கேட்டதும் சேர்ந்து வரும், எது எதுவென்று தெரியாமல் நான் ஒன்றைப் போட, ‘பலமுறை தவறாக உள்ளிட்டதால்’ என்று நம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்தும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்... ஆமாம், 80.

குடோனில் சரக்கை எண்ணுகிற பார்கோடு கருவிக்கும் ஒரு கதை உண்டு. நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்கர் மியாமி கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, தந்தியடிக்கிற புள்ளியையும் கோட்டையும் மணலில் போட்டு, அவற்றை விரலால் கீழே நீட்டி இழுத்துப் பார்த்தாராம். அதுதான் பார்கோடுக்கு விதை. 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள். ஒரே ஒரு பாக்கெட். அந்தக் கணக்கு சரியாக வந்தது. அன்றே நிறுத்தியிருந்தால் நூற்றுக்கு நூறு.

பார்கோடு பாவம், பொய் சொல்லாது. எதன்மேல் ஒட்டுகிறோமோ அதைச் சொல்லும். நீலப் பூப்போட்ட பெட்ஷீட்டின் ஸ்டிக்கரைப் பச்சைக் கட்டத்தின்மேல் ஒட்டினால் அது நீலப் பூதான். வாங்குகிற அம்மாவுக்கு மட்டும் அது பச்சைக் கட்டம். ஆயுத பூஜை சமயத்தில்தான் எங்கள் சரக்கு உள்ளே போனது, ஆகவே எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நம் ஆட்கள் பக்திமான்கள். ஸ்கேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். எங்கே வைப்பார்கள்? நெற்றி மாதிரி தெரிகிற இடத்தில். அங்கேதான் கண்ணாடி இருக்கிறது.

தவறு குடோனில் மட்டும் நடக்கிறது என்று சொன்னால் பாவம் பிடிக்கும். என்னைப் போன்றவர்கள் ஒரே பெட்ஷீட்டை நாலு தளத்தில் விற்பனைக்குப் போடுகிறோம். கையில் ஒன்று, கணக்கில் நாலு. நாலு பேர் ஒரே நிமிஷத்தில் வாங்கிவிட்டால் மூன்று பேரிடம் அசடு வழிய வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். இதற்குப் பயந்து ஐம்பது இருந்தால் நாற்பது என்று காட்டுகிற ஆசாமிகள் உண்டு. அதை மறந்துவிட்டு அந்தப் பத்தை மார்ச்சில் கண்டுபிடித்து, லாபம் வந்ததாக நினைத்து வீட்டில் கேசரி கிளறச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரிய இடத்திலும் இதே கதைதான். 2014 அக்டோபர் 6இல் ஃப்ளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’யை நடத்தியபோது சரக்கு சட்டென்று தீர்ந்து, ஆர்டர்கள் ரத்தாகி, நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். எனக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும். எனக்கு வருகிற கடிதங்களில் மன்னிப்பு என்ற சொல்லே இருப்பதில்லை, ‘அசௌகரியம்’தான் இருக்கும்.

குடோன் கைவிட்டதும், வீட்டில் இருந்த சரக்கை நாங்களே கூரியரில் அனுப்ப ஆரம்பித்தோம். மச்சான் டேப் கிழிப்பான், என் சம்சாரம் விலாசம் ஒட்டுவாள், நான் மேற்பார்வை. ஈரோட்டிலிருந்து பவானி 15 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தாலே போய்விடும். 1972இல் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்ற அதிகாரி வகுத்துக் கொடுத்த பின்கோடுபடி பார்த்தாலும் இரண்டு ஊருக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றேதான், 638. அவ்வளவு நெருங்கிய சொந்தம். ஆனால் கூரியர் பார்சல் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஓசூரைப் பார்த்துவிட்டுத்தான் பவானிக்கு வரும். ஹப் அங்கேதான் இருக்கிறதாம். தீபாவளி நெருக்கத்தில் அந்த ஹப்பில் லாரிகள் வாசலிலேயே நிற்க, மழையும் பிடித்துக்கொள்ள, பார்சல் உள்ளே போவதற்கே ஒரு வாரம்.

கூரியர் கூலிக் கணக்கு இன்னும் அழகு. எடை பார்ப்பார்கள், அப்புறம் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு. பெட்ஷீட்டை அமுக்கிக் கட்டிவிடலாம். தலையணை அனுப்புகிறவர்கள் ஊர் ஊராகக் காற்றுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்குகிறவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோபம் யார்மேல் என்று பார்க்கக் கூடாது அல்லவா. புரட்டாசி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது நடுராத்திரியில் ஆர்டர் போடுகிறோம். போட்ட நிமிஷத்திலிருந்து ‘எங்கே வருகிறது’ என்று பார்க்கத் தொடங்குகிறோம். பார்த்தால் நகர்ந்துவிடுமா? நகரும் என்றுதான் நானும் பார்க்கிறேன். கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். பார்சலில் ஒட்டுகிற எங்கள் நம்பரை முன்பு வாங்கிய கவரிலிருந்து எடுத்திருக்கிறார்.

“தம்பி, பொண்ணுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை நாளைக்கு வர்றார். கட்டிலுக்குப் புதுசா விரிக்கணும். உங்க பெட்ஷீட் எங்கேப்பா?”

“அனுப்பியாச்சுங்கம்மா. உங்க ஊருக்கே வந்திருச்சுங்க. டெலிவரிக்கு வந்தப்ப நீங்க வீட்டுல இல்லைன்னு காட்டுதுங்களே.”

“நான் எங்கேப்பா போவேன்? அதிரசத்துக்குப் பாகு வெச்சுட்டு அடுப்பங்கரையை விட்டு நகரலையே!”

“சிஸ்டத்துல அப்படித்தாங்கம்மா இருக்குது” என்றேன்.

பேக்கிங்கில் இருந்த என் சம்சாரம் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கப் போவதில்லை.

சரி, யோசனைகள். முதல் யோசனை, அட்டையில் ‘மூன்று பீஸ் செட்’ என்று போடுகிற இடத்தில்...

மன்னிக்கவும், வாசலில் ரிட்டர்ன் பார்சல்கள் வந்து இறங்குகின்றன. பணம் பிறகு தருகிறோம் என்று வரவழைத்து, ஆள் வந்ததும் வேண்டாம் என்று அனுப்பியவை பாதி. நாலு நாள் விரித்துப் படுத்துவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்று அனுப்பியவை மீதி. ஒன்றில் முறுக்கு வாசனை கூட வருகிறது. மச்சான் பிரித்துக்கொண்டே வந்தவன், “மாமா, இது நம்முளுது இல்லீங்களே” என்று ஒரு கவரைத் தூக்கிக் காட்டுகிறான். எங்கள் ஸ்டிக்கர், எங்கள் பார்கோடு, உள்ளே கொசுவலை. ஆன்லைனில் பார்த்தால் ‘பெட்ஷீட் செட், நல்ல நிலையில் திரும்பி வந்தது, விற்பனைக்கு ஏற்றது’ என்று ஏறியிருக்கிறது. வாங்கியவருக்குப் பணமும் போய்விட்டது.

கொசுவலை நல்ல சரக்கு. ஓரமெல்லாம் கெட்டித் தையல். ராத்திரிக்கு அதையே கட்டிக்கொள்ளலாம் என்று சம்சாரம் கொடிக்கயிறு தேடிக்கொண்டிருக்கிறாள். இதை அனுப்பிய வியாபாரி எந்த ஊரிலோ போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கொசுவலை பத்திரமாக டெலிவரி ஆகிவிட்டது என்று தங்கமான ஒரு பையன் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.