பெஞ்சுல இருக்கறவனைப் பாருடா கண்ணு

ஐபிஎல் ஏல வெளையாட்டு ஆடப் போறியாக்கும், பசங்களோட. நீ எடுக்கற ஆளு நெச ஆட்டத்துல ஆடுனாத்தான் உனக்குப் பாயிண்டு. நோட்டுல கோலி, பும்ரா, சூர்யகுமார்னு எழுதி வெச்சிருக்கற. இதுக்கு நோட்டு எதுக்கு, ஒண்ணாப்புப் பையனைக் கேட்டாலே சொல்லுவானே? நாமக்கல் லாரிக்காரன் ஸ்டெப்னி இல்லாம பம்பாய்க்கு வண்டி எடுப்பானா? நீ மட்டும் பதினோரு டயரும் பஞ்சராகாதுங்கற.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை 2020ல ஆஸ்திரேலியாவுக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க? வலையில பந்து போடறதுக்கு. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டை போச்சு, டி20க்குச் சேத்தாங்க. சைனிக்கு முதுகு புடிச்சுது, ஒருநாளுக்கும் சேத்தாங்க. டிசம்பர் 2ந் தேதி கான்பெராவுல ஒருநாள், 4ந் தேதி அங்கயே டி20. பொறவு பும்ராவுக்கு வயிறு, அஸ்வினுக்கு முதுகு, ஜடேஜாவுக்குக் கட்டைவெரல். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன்ல டெஸ்ட் தொப்பியும் வந்துருச்சு. மொத இன்னிங்ஸ்ல மூணு விக்கெட்டு, அதுல ஒண்ணு சதமடிச்ச லபுஷேன். ஒரே பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் அறிமுகமான மொத இந்தியன் அவந்தான். அன்னிக்கு உன் நோட்டுல அவம் பேரு இருந்திருக்குமா?

அதுக்காகக் குந்தியிருக்கறவனையெல்லாம் அள்ளிக்காத. கடைசி ஓவர் போடறவன் காலு பிசகுனா அந்த ஓவர் யாரு கைக்குப் போகும்? அவனை எடு. ஏழாவதா எறங்கறவனுக்கு மாத்தா வர்றவன் நாலு பந்து ஆடிட்டு வந்துருவான், உனக்கென்ன பாயிண்டு? வெலையப் பாத்தும் மயங்காத. அதே நடராஜனை 2025க்கு டெல்லிக்காரங்க 10.75 கோடி குடுத்து எடுத்து, முக்காவாசி ஆட்டம் வெளியதான் உக்கார வெச்சாங்க.

இன்னொண்ணு, காதைக் குடு. உம் பங்காளி பும்ராவை எடுத்தான்னு வை, மும்பையில அடுத்து நிக்கற வேகப்பந்துக்காரனைக் கடைசி ரவுண்டுல, ஒண்ணுந் தெரியாதவனாட்டம், அடிமாட்டு வெலைக்கு அமுக்கிக்க. 2023 ஐபிஎல் முழுக்க முதுகுவலியில பும்ரா ஆடவே இல்லையே! அப்பிடி ஒண்ணு ஆச்சுன்னா பங்காளி ராத்திரியோட ராத்திரியா உன்னைத் தேடி வருவான். சிரிச்சுத் தொலைக்காத. உக்கார வெச்சு டீ குடு, அப்பறம் அவங்கிட்ட இருக்கற நல்ல பேட்டரைக் கேளு.

காசு மட்டும் வெக்காத. 2025 ஆகஸ்டுல தடைச் சட்டம் வந்து ட்ரீம் லெவனே ஆன்லைன் காசாட்டத்தை மூடிட்டான். தோத்தவன் தட்டுவடை செட்டு வாங்கித் தரட்டும். யோசனை சொன்னவனுக்கு ரெண்டு செட்டு, காரச் சட்னி தூக்கலா.