சாரலுக்கும் சேர்த்து அட்வான்ஸ்

புளியறையிலிருந்து தென்காசிக்குக் குடிபோனபோது அட்வான்ஸை எண்ணி வாங்க வீட்டுக்கார அண்ணாச்சிக்கு அரை நிமிஷம்தான் ஆனது. காலி செய்து நாலு மாசம். திருப்பித் தர இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆணி ஓட்டைக்கு இவ்வளவு, வெள்ளையடிக்க இவ்வளவு, சுவரில் ஏறிய ஈரத்துக்கு இவ்வளவு.

"ஈரம் குற்றாலச் சாரல்ல வந்தது அண்ணாச்சி."

"சன்னலைத் தொறந்து வச்சது யாரு தம்பி?"

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், உரிய கழிவு போக மிச்சத்தை ஒரு மாதத்துக்குள் தரச் சொல்கிறது. ஒப்பந்தத்தையும் எழுத்தில் கேட்கிறது. எங்களுடையது ஒரு கும்பிடோடு முடிந்தது.

15100இல் இலவசச் சட்ட உதவி கேட்கலாமாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. என்னைவிட என் மனைவிக்குத்தான் சட்டம் நெருக்கம். அட்வான்ஸுக்கு அடகு போனதும் அவள் சங்கிலிதான். போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.