கஜானா காலி புராணம்

ஈக்காட்டுத்தாங்கலுக்கு இரைச்சல் புதிதில்லை. 1958இல் பக்கத்திலேயே கிண்டி தொழிற்பேட்டை வந்ததிலிருந்து லேத்து இரைந்தது, டிரில்லிங் மெஷின் இரைந்தது. பிறகு டிவிக்காரர்கள் குடிவந்தார்கள். இப்போது ராத்திரியானால் ஸ்டுடியோ இரைகிறது. பட்ஜெட் வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு மேஜை, நாலு பேர்: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, பொருளாதார நிபுணர், எந்தத் தலைப்புக்கும் கருத்து கைவசம் வைத்திருக்கும் மூத்த பத்திரிகையாளர். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கஜானாவைக் காலி செய்தது யார்? ஆட்சி மாறினால் முதல் இருவரும் இடம் மாறி உட்காருவார்கள். வசனத்தை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வசதியாக. லேத்துப் பட்டறையிலாவது சாயங்காலம் நாலு போல்ட் மிஞ்சும்.

இந்தக் கூத்துக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு.

துரை காண்டம்

1857 கலகத்தை அடக்கிய செலவில் வெள்ளைக்கார சர்க்காருக்குப் பெரிய பள்ளம் விழுந்தது. கலகம் நடந்தது வடக்கே. பில்லை எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். கணக்கைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் கப்பலேறி வந்தார். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கிய அதே வில்சன். 1860இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். அதில் வருமான வரியையும் சொருகினார். வருஷத்துக்கு 200 ரூபாய் சம்பாதிப்பவன் தலையிலிருந்தே வரி ஆரம்பம்.

மெட்ராஸ் கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு இது பொறுக்கவில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்துக் கெட்ட பேர் வாங்கியவர் அவர். செலவு என்றாலே அலர்ஜி. புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்றார். அடக்கமான ஆளாக இருந்தால் கல்கத்தாவுக்கு ரகசியக் கடிதம் ஒன்று எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இவர் தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்துவிட்டார். ஈக்காட்டுத்தாங்கல் விவாதங்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் இந்தத் துரைதான்.

லண்டன் உடனே சீட்டைக் கிழித்தது. ட்ரெவெல்யன் மூட்டை கட்டினார். வில்சனும் நிலைக்கவில்லை, அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1863இல் இந்திய அரசின் நிதிப் பொறுப்பை ஏற்க வந்து இறங்கியவர் யார் என்றால், அதே ட்ரெவெல்யன்! எதிர்க்கட்சி வரிசையிலிருந்து நேரே ஆளுங்கட்சி வரிசைக்கு. 1865இல் வருமான வரி காலாவதியானது. 1886இல் வேறு பேர்வழிகள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை போகவில்லை. மனுஷனுக்கு மறுபிறவி உண்டோ இல்லையோ, வரிக்கு உண்டு.

ராஜாஜி காண்டம்

1937இல் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார். நிதியும் அவர் கையில். அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. கள்ளும் சாராயமும் கட்டிக்கொண்டிருந்த கலால் வரி மாகாண வருமானத்தில் சின்னத் தொகை இல்லை. நல்ல காரியம்தான், பணத்துக்கு எங்கே போவது என்று சுற்றியிருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ராஜாஜி சொறியவில்லை. 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் வேறெந்த மாகாணமும் அதுவரை துணியாத சமாசாரம். கையோடு சினிமா, நாடகத்துக்குக் கேளிக்கை வரி. பெட்ரோலுக்கும் ஒரு வரி. குடிப்பவன் மட்டும் கட்டியதை இனி கடைக்குப் போகிற எல்லோரும் கட்டட்டும் என்பதுதான் இதன் தாத்பரியம். பேர் என்னவோ இனிப்பாகத்தான் இருந்தது. கசப்பு வியாபாரிக்குத்தான் முதலில் தெரிந்தது, பிறகு அவரிடம் வாங்கியவருக்கு.

டெல்லிக்கு மூக்கில் வியர்த்தது. செய்தவனே முதலில் விற்கும்போது வரி வாங்கினால் அது உற்பத்தி வரி ஆகாதா, உற்பத்தி வரி எங்கள் சொத்தாயிற்றே என்றார்கள். கடலை எண்ணெய் ஆட்டி விற்ற ஒரு கம்பெனியின் வழக்கில் 1942இல் ஃபெடரல் கோர்ட் மெட்ராஸ் பக்கம் நின்றது. கவர்னர் ஜெனரல் விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார். 1945இல் அங்கேயும் மெட்ராஸுக்கே வெற்றி. இதில் ஒரு சின்ன விசேஷம். ராஜாஜி 1939லேயே ராஜினாமா செய்துவிட்டார். யுத்தச் செலவுக்காக மதுவிலக்கையும் நிறுத்தி வைத்தாயிற்று. ஊரில் சாராயக் கடை திறந்திருக்க, அதை மூடுவதற்காகப் பிறந்த வரி லண்டனில் கேஸ் ஜெயித்துக்கொண்டிருந்தது.

படி காண்டம்

1948இல் ஓமந்தூரார் மாகாணம் முழுக்க மதுவிலக்கு கொண்டுவந்தார். காமராஜர் காலம் அப்படியே ஓடியது. 1967இல் அண்ணா வந்தார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். நிச்சயம் சென்னையிலும் கோவையிலும் நடந்தது. லட்சியத்தைக் கஜானா பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. 1968இல் பரிசுச் சீட்டு வந்தது: விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. உன் பணம் போகத்தான் போகிறது, எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன் என்று இத்தனை நேர்மையாக எந்த அரசும் வசூல் செய்ததில்லை.

புதிதாக மதுவிலக்குக்கு வரும் மாநிலங்களுக்கு உதவித்தொகை தருவதாக டெல்லி சொன்னது. ஏற்கெனவே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டுக்குக் கிடையாது. அண்ணாவுக்குப் பின் வந்த கலைஞருக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1971 ஆகஸ்ட் 30இல் மதுவிலக்கு தளர்ந்தது. வேண்டாம் என்று கேட்க 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் கோபாலபுரம் போனார் என்று இன்றும் சொல்வார்கள். மதுவிலக்கைத் திருப்பிக் கேட்க ஒரு பெரியவர் இருந்தார். மதுவிலக்குக்காகப் போட்ட விற்பனை வரியைத் திருப்பிக் கேட்க யாருமே இல்லை. கடை திறந்தது, வரியும் இருந்தது. பிறகு கலைஞரே கடையை மூடினார், எம்.ஜி.ஆர். 1981இல் திறந்தார், 1983இல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் பிறந்தது. அத்தனை களேபரத்திலும் அசையாமல் இருந்தது விற்பனை வரி ஒன்றுதான்.

அம்மா காண்டம்

2001இல் ஜெயலலிதா வந்ததும் நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார்: கஜானா காலி. அதற்கு முன்னும் பின்னும் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் இந்த அம்மையார் சொன்னதோடு நிற்கவில்லை, மருந்தையும் புகட்டினார். அரசு ஊழியர் சலுகைகளில் கை வைத்தார். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை, அரிசி கிடையாது. விவசாயிகளின் இலவச மின்சாரத்துக்கு முற்றுப்புள்ளி. லாட்டரிக்குத் தடை. 2003 ஜூலையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1.7 லட்சம் பேருக்கு ஒரே வீச்சில் டிஸ்மிஸ். அதே ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது: சம்பளம், பென்ஷன், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கும் வருவாய்ப் பற்றாக்குறை ஒழிய வேண்டும், மொத்தக் கடன் வாங்கல் ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும். நவம்பரில் மதுக்கடைச் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது.

கணக்கு வாத்தியார்கள் கைதட்டினார்கள். வாக்காளர்கள் 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளில் 39ஐயும் எதிரணிக்குக் கொடுத்தார்கள். எச் முத்திரை மறைந்தது, இலவச மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள் மேலிருந்த நடவடிக்கைகள் போயின. 2005-06இல் வருவாய்க் கணக்கில் உபரியே வந்தது. 2006இல் ஆட்சி போயிற்று. வந்தவர்கள் கலர் டிவி கொடுத்தார்கள். பாடத்தை எல்லாக் கட்சிகளும் மனப்பாடம் செய்தன.

வெள்ளை காண்டம்

2021 ஆகஸ்ட் 9. நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 1936இல் மாகாணப் பிரதமராக இருந்த பி.டி. ராஜனின் பேரன், அமெரிக்காவில் வங்கித் தொழில் பார்த்தவர். 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார். வீட்டுக்கு வீடு, நான் எப்போது வாங்கினேன் என்று யோசித்தார்கள். நாலே நாளில் பட்ஜெட்; பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் வரி குறைந்தது. பற்றாக்குறை பற்றி அறிக்கை வாசித்த வாயாலேயே வரியைக் குறைக்க இந்த ஊரில்தான் முடியும். 2023 மே மாதம் அவரைத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றினார்கள்.

இதற்கிடையில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, ராஜாஜியின் விற்பனை வரியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மாநிலத்துக்குப் பங்கு வரும், விகிதம் என்ன என்பதை ஜிஎஸ்டி கவுன்சில்தான் சொல்லும். விற்பனைக்கு வரி போடுவதோ, பிரிவி கவுன்சிலில் மல்லுக்கட்டி ஜெயித்த உரிமை. விகிதத்தைத் தானே தீர்மானிக்க மாநிலத்துக்கு மிச்சமிருக்கும் பெரிய வரிகள் எவை? பத்திரப்பதிவு, பெட்ரோல்-டீசல், அப்புறம் மது. டாஸ்மாக் மூலம் 2023-24இல் வந்தது 45,855 கோடி ரூபாய். ராஜாஜி எதை மூடுவதற்காக எதைத் திறந்தாரோ, அதில் திறந்தது டெல்லிக்குப் போய், மூட நினைத்தது இங்கேயே தங்கிவிட்டது.

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படிப்போருக்கு வரிவிலக்கு கிட்டாது. ஆனால் அடுத்த விவாதத்தில் யாராவது கஜானா காலி என்று மேஜையைத் தட்டும்போது, எந்த வருமானத்தை விடுவீர்கள், அதற்குப் பதில் யார் பையில் கை வைப்பீர்கள் என்று கேட்கலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொன்னவர் ராஜாஜி. செலவை வெட்டிக் காட்டிய அம்மையாருக்கு மக்கள் போட்ட மார்க் சைபர். ஆகவே கேள்வி விழுந்ததும் நெறியாளர் விளம்பர இடைவேளை விட்டுவிடுவார்.