ஒன்லி கேண்டிட்

போளூர் பேருந்து நிலையத்தில் அவனை அடையாளம் காண்பது சுலபம். சித்திரை வெயிலிலும் கறுப்பு டி-ஷர்ட்தான் போட்டிருப்பான். எண்ணி முடியாத பாக்கெட்டுகள் வைத்த பேன்ட். முதுகில் ஒரு மூட்டை, அதன் பக்கவாட்டில் செருகிய ட்ரைபாடு. மற்றவர்கள் ஆரணி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் டீக்கடை பாய்லரிலிருந்து எழும் ஆவிமேல் எந்தப் பக்கத்து வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் பஸ் போய்விடும்.

ரேஷன் கார்டில் அவனுக்கு வேறு பெயர். ஊரில் அவன் 'கேண்டிட் தம்பி'. இன்ஸ்டாகிராமில் குலதெய்வத்தின் பெயரோடு 'கிளிக்ஸ்' என்று சேர்த்திருக்கிறான். விசிட்டிங் கார்டின் முன்பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் 'ஒன்லி கேண்டிட்' என்று மட்டும் இருக்கும்; யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பானாம். திருப்பினால் பொடி எழுத்தில்: காதணி விழா, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ், லேமினேஷன், பழைய படங்கள் புதுப்பித்துத் தரப்படும்.

இவன் ஒருவன் மட்டும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேடைக்குக் கீழே இவனோ இவனைப் போல இன்னொருவனோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். மெக்கானிக்கலோ இ.சி.இ.யோ முடித்திருப்பான். செய்யாறு சிப்காட்டில் கொஞ்ச காலம் ஷிஃப்ட் பார்த்திருப்பான். ஒரு நாள் இ.எம்.ஐ.யில் ஒரு கேமராவோடு வீட்டுக்கு வந்து, "நைனா, எனக்கு இதுதான் பேஷன்" என்று சொல்லியிருப்பான். நைனா அதைத் துணிக்கடை வேலை என்று நினைத்துக்கொண்டு, "ஆரணியிலயே கத்துக்கலாமேடா" என்றிருப்பார்.

கேமரா வாங்கிய பிறகுதான் அதைப் படிக்கவும் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சென்னையில் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸைப் பிடித்துப் போனால், முதல் வாரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. வெளியே போய் நிழல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் வீட்டுப்பாடம். வெள்ளைத் தாள்மேல் ஒரு வெள்ளை முட்டையை வைத்து, ஒரே ஒரு விளக்கைக் கொண்டு, முட்டை வேறு தாள் வேறு என்று தெரிகிற மாதிரி படமெடுத்து வர வேண்டும். உலகெங்கும் ஒளிப்படப் பள்ளிகளில் தருகிற பழைய பயிற்சி அது. வெளிச்சத்தை நேராக அடித்தால் முட்டை தாளோடு கரைந்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தினால் உருண்டை வரும். இன்னும் நகர்த்தினால் முட்டையின் பாதி கிரகணம் பிடித்துவிடும்.

கெட்ட நேரம், அது புரட்டாசி. அந்த மாதத்தில் வீட்டுக்குள் முட்டையா? எதிரே சம்பத்கிரி மலைமேல் லட்சுமி நரசிம்மர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். கடைசியில் தம்பி எலுமிச்சம்பழத்தைப் படமெடுத்து அனுப்பினான். மாதம் புரட்டாசி என்று விளக்கக் குறிப்பும் சேர்த்தான்.

படமெடுக்கப் பள்ளிக்கூடமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் மதராஸில் தன் கைக்காசைப் போட்டு ஓவியப் பள்ளி தொடங்கியது 1850-இல். அதுதான் பிறகு அரசிடம் போய், இன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அங்கு ஒளிப்படமும் பாடமானது. 1856-இல் மதராஸ் ஒளிப்படக் கழகம் வந்தது. அதே காலத்தில் மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். இன்று கைப்பேசியை இடமிருந்து வலமாக இழுத்து 'பனோரமா' எடுக்கும் தம்பிக்கு அவர்தான் கொள்ளுப்பாட்டன். அவர் படமெடுத்த கல்வெட்டு அசையாமல் நின்றது. தம்பி எடுக்கும் சம்பந்தி வீட்டார் நிற்பதில்லை.

அவனுக்கு ஒரு கனவு உண்டு. ஊட்டி. ஹனிமூன் ஊட்டி இல்லை, படிக்கிற ஊட்டி. லவ்டேலில் இக்பால் முகமதுவும் அனுராதா இக்பாலும் 2001-இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி அங்கேதான் இருக்கிறது. தொழில்முறை ஒளிப்படத்துக்கென்றே முழுநேரப் பள்ளி. இதில் ஒரு வேடிக்கை. ஒரு காலத்தில் இந்தியாவுக்கே ஃபிலிம் தயாரித்துக் கொடுத்த ஊர் ஊட்டி. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் வந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த அந்த ஆலையை டிஜிட்டல் ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. அதே மலையில் டிஜிட்டல் சொல்லித்தரும் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தம்பி அந்தப் பள்ளியின் கட்டண விவரத்தை மட்டும் அவ்வப்போது கைப்பேசியில் பார்த்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். பிறகு கைப்பேசியை அணைத்துவிடுவான்.

ஆகவே மேற்படிப்பு போளூரிலேயே நடக்கிறது, ஸ்டுடியோ அண்ணனிடம். அண்ணன் யாஷிகா மேட் காலத்து ஆள். 120 ஃபிலிம் ரோல் ஒன்றுக்கு 12 படம். முகூர்த்தத்துக்கு ஒரு ரோல், வரவேற்புக்கு ஒரு ரோல், கையில் அவசரத்துக்கு ஒன்று. எனவே அண்ணன் விரலை அழுத்துவதற்கு முன் மூன்று முறை யோசிப்பார். நெகடிவ்மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டு, அம்மைத் தழும்பை மறைத்து எத்தனையோ பெண்களுக்கு மாப்பிள்ளை அமையக் காரணமாக இருந்தவர். தம்பி ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறான் என்று கேட்டு அவருக்கு மயக்கமே வந்தது.

"நாலாயிரமா? கல்யாணம் ஒன்னுதானேடா?"

"செலக்‌ஷனுக்குண்ணா."

செலக்‌ஷன் என்பது தனிக் காவியம். படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, ஆல்பத்துக்கு இருநூறு படம் குறித்துத் தாருங்கள் என்றால், பெண் வீட்டார் பெண் வீட்டுப் படங்களையும் மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் படங்களையும் குறிப்பார்கள். பொதுவில் மிஞ்சுவது சாப்பாட்டுப் பந்தி மட்டும். இந்தப் பஞ்சாயத்து தீர்வதற்குள் வளைகாப்பு வந்துவிடும். சில குடும்பங்களில் கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆல்பமும் ஒரே நாளில் டெலிவரி ஆகியிருக்கின்றன.

வகுப்பில் அவனுக்குச் சொல்லித் தந்த பெரிய மந்திரம், பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோனின் 'தீர்மானமான நொடி'. 1952-இல் அவர் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்குத் தலைப்பாகவே ஆன சொற்கள். எல்லாம் ஒன்றுகூடும் அந்த ஒரு நொடிக்காக ஒளிப்படக்காரன் காத்திருக்க வேண்டும். போளூர் மண்டபத்தில் அந்த நொடியை ஐயர் தீர்மானிக்கிறார். "கெட்டி மேளம்" என்று அவர் கையை உயர்த்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அட்சதை தூவ எழுந்த அத்தனை கைகளும் லென்ஸுக்கு முன்னால் வருகின்றன. தாலியை முடிந்துவிட நாத்தனார் குறுக்கே குனிகிறாள். வீடியோக்காரரின் முதுகு மீதியை அடைக்கிறது. பெரியப்பா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் வந்து நிற்கிறார், அதுவும் செல்ஃபி பக்கம் திருப்பி வைத்துவிட்டு. மேடை விளக்கு ஊதா நிறம். அதனால் மணமகள் ஊதா, ஐயர் ஊதா, ஹோமப் புகையும் ஊதா. தம்பி ஸ்டூல்மேல் ஏறி ஒற்றைக் காலில் நின்று அழுத்துகிறான். பத்துப் படத்தில் ஒன்றில் தாலி தெரிகிறது. அதிலும் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார்.

"பரவாயில்ல தம்பி, இன்னொரு தடவ கட்டச் சொல்லவா?" என்று கேட்ட மாமாக்களும் உண்டு. கேட்டதோடு நில்லாமல் சொல்லியும் இருக்கிறார்கள். கேண்டிட்டின் லட்சணம் அவ்வளவுதான்.

தம்பியின் உயிர் அவனுடைய 50 மி.மீ. லென்ஸில் இருக்கிறது. துளையை 1.8-க்குத் திறந்து வைத்துவிட்டால் முகம் மட்டும் பளிச்சென்று நின்று, பின்னால் உள்ள சீரியல் பல்புகள் எல்லாம் தங்கக் காசுகளாக மிதக்கும். அந்த மங்கலுக்குப் பெயர் பொக்கே. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2 மீட்டர் தூரத்திலிருந்து அந்தத் துளையில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இருக்காது. மணமகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் தப்பிக்கலாம். இரண்டடி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆயா புகைமூட்டமாகிவிடுவாள்.

"இதுல நான் எங்கடா?"

"இதோ இங்க. அது பொக்கே ஆயா."

"என் வாய் பொக்கைன்னு எனக்குத் தெரியாதா? நீ வேற படம் புடிச்சிச் சொல்லணுமா?"

அன்றிலிருந்து குடும்பப் படம் என்றால் துளை சுருங்கி எட்டுக்குப் போய்விடுகிறது. ஆயா சொன்னதும் ஒரு வகையில் ஒளியியல் பாடம்தான்.

எப்போதும் இப்படிச் சிரிப்பாகவே முடிவதில்லை. பள்ளிக்கூடம் வீண் என்று தீர்ப்பெழுத வருபவர்கள் அவனைப் பட்டுக் கடையில் பார்க்க வேண்டும். ஆரணி பக்கத்தில் இருக்கிறது. இப்போது புடவை வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாள் புடவையைத் தொட்டுப் பார்க்க முடியாது, படத்தைத்தான் பார்ப்பாள். ஒரு முதலாளி மயில் கழுத்துப் புடவை ஒன்றை விரித்துப் போட்டு, "நீலமும் தெரியணும், பச்சையும் தெரியணும், ஒரே படத்துல" என்றார். மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். இந்தப் பக்கம் நின்றால் நீலம், அந்தப் பக்கம் நின்றால் பச்சை. நேராக ஃபிளாஷ் அடித்தால் இரண்டும் இல்லாமல் ஏதோ சிமென்ட் நிறம் வரும், ஜரிகை மட்டும் வெந்து வெளுத்துப் போகும்.

அப்போதுதான் அந்த எலுமிச்சம்பழம் அவனுக்கு உதவிற்று. கடையின் குழல்விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னான். தெருப் பக்க ஜன்னலை மட்டும் திறந்து, அதன்மேல் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினான். புடவையைத் தட்டையாக விரிக்காமல் விசிறி மடிப்பாக நிற்க வைத்தான். ஒவ்வொரு மடிப்பின் ஒரு சரிவு ஜன்னலைப் பார்த்தது, மறு சரிவு திரும்பி நின்றது. ஒரு சரிவில் நீலம், மறு சரிவில் பச்சை. எதிர்ப்புறம் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்ததும் ஜரிகை மெல்லக் கண் திறந்தது. நடுச்சாம்பல் நிற அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து முதலில் ஒரு படம், நிறத்தைச் சரிபார்க்க. அடுத்தது அரக்கு. அது இன்னும் பொல்லாதது. கேமராவின் சிவப்பு மட்டும் சீக்கிரம் நிறைந்து வழிந்துவிடுவதால் நெசவே தெரியாமல் தக்காளிச் சட்னிபோல் ஆகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அதையும் எடுத்தான். முதலாளி திரையையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். "நெய்யறவருக்குக் காட்டணும்பா இத" என்றவர், பில்லில் ஐநூறு குறைத்துக்கொண்டார். பாராட்டு வேறு, வியாபாரம் வேறு.

வேலை இல்லாத நாளில் தம்பி திருவண்ணாமலைக்குப் போவான். அந்த ஊர் ஒளிப்படக்காரர்களுக்கும் ஒரு தலம்தான். ரமண மகரிஷியின் புகழ்பெற்ற படத்தை 1946-இல் எடுத்த வெல்லிங், பெங்களூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சென்னையிலிருந்து வந்து வந்து ரமணரை ஏராளமாகப் படமெடுத்த டி.என். கிருஷ்ணசாமி ஒரு டாக்டர். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது, அந்த கார்த்தியே-பிரெஸ்ஸோனே திருவண்ணாமலையில்தான் இருந்தார். வானில் ஓர் ஒளி நகர்ந்து போவதைக் கண்டு உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும், அப்போது மணி 8:47 என்றும் அவர் சொன்னதாக ஆசிரம வெளியீடுகளில் இருக்கிறது. உலகமே கொண்டாடும் நொடிக்காரர் அந்த நொடியில் பார்த்தது கடிகாரத்தை! இதைக் கேட்ட தம்பி சற்று யோசித்துவிட்டு, "ட்ரைபாடு எடுத்துனு போகல போலிருக்கு" என்றான்.

அவன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பது வேறொருவர் படங்களை. மதுரைக்காரரான எம். பழனிகுமார், மீன் விற்கும் தன் அம்மாவின் வாழ்க்கையையே படக்கதையாக்கியவர். கையால் மலம் அள்ளுபவர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2022-இல் முதல் தயாநிதா சிங்–பாரி விருது அவருக்குப் போனது. தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவரே கேமராவைக் கையில் கொடுத்துச் சொல்லித் தருகிறார். தம்பி ஒரு முறை, ஏழு மணிக்கு எழுந்து தறிக்குழியில் இறங்கும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவை ஒரு வாரம் படமெடுத்தான். நல்ல படங்கள். சொல்லப்போனால், அவன் எடுத்ததிலேயே நல்லவை அவைதான். பேஜில் போட்டான். பெரியப்பாவின் மகன் லைக் போட்டுவிட்டு, "சட்டை போடச் சொல்லிருக்கலாம்ல" என்று கமென்ட் எழுதினான்.

ஆனி முடிந்தால் முகூர்த்தம் முடிந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, ஆனால் இ.எம்.ஐ.க்கு ஆடி ஆவணி கிடையாது. ஆகவே அந்த மாதம் தம்பி ஆசிரியராகிவிடுகிறான். ஸ்டுடியோ வாசலில் ஃபிளக்ஸ்: 'ஒரு நாள் போட்டோகிராபி பயிற்சி முகாம், மதிய உணவு உண்டு'. மூன்று பேர் சேர்ந்தார்கள். பிளஸ் டூ முடித்த ஒரு பையன், ரிட்டயர்டான தலைமையாசிரியர் ஒருவர், பட்டுக் கடையில் இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். "மொதல்ல யாரும் கேமராவத் தொடக் கூடாது" என்று தம்பி ஆரம்பித்தான். தலைமையாசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பெண், "ணா, ஃபோனத் தொடலாமா?" என்று கேட்டாள்.

அதற்குள் வாசலில் ஒரு பைக் சீறி வந்து நின்றது. குரூப் 4 விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பாஸ்போர்ட் சைஸ், வெள்ளைப் பின்னணி, ஐம்பது கே.பி.க்குள் வேண்டும். தம்பி ஒரு கணமும் யோசிக்கவில்லை. தலைமையாசிரியர் கையில் தெர்மாகோலைக் கொடுத்தான். பையன் வெள்ளைத் துணியின் ஒரு நுனியைப் பிடித்தான், அந்தப் பெண் மறு நுனியை. வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு காதும் தெரியணும்ணா. பொக்கே கிக்கேன்னு எதுனா பண்ணிடாதீங்க, ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

தம்பி துளையை எட்டுக்கு வைத்துவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினான்.

"நல்லா பாத்துக்கோங்க. இவருதான் கிளையன்ட்."